தண்ணீரின் வழியை அளந்த ஹென்றி டார்சி

பாறை வெடிப்புகளில் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு ஓடும் என்பதை இன்று பொறியாளர்கள் கணினியில் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். சுரங்கப்பாதை வெட்டும்போதும், கழிவு கிணற்று நீரில் கலக்குமா என்று ஆராயும்போதும் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது. இதற்கு அடித்தளம் போட்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி.

1803 ஜூன் 10ஆம் தேதி டிஜோன் நகரில் பிறந்த டார்சி, 14 வயதில் தந்தையை இழந்தார். தாயார் சிரமப்பட்டுப் படிக்க வைத்தார். பாரிஸில் பொறியியல் முடித்து, அரசாங்க வேலையில் சேர்ந்து சொந்த ஊருக்கே திரும்பினார்.

அப்போது டிஜோன் மக்களுக்குக் கிடைத்தது அசுத்தமான கிணற்றுத் தண்ணீர்தான். நகருக்குள் ஆழமாகத் துளையிட்டுப் பார்த்தார்கள். கிடைத்த தண்ணீர் போதவில்லை. டார்சி ஊருக்கு வெளியே ரோசுவார் ஊற்றைத் தேர்ந்தெடுத்தார். 12 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்கு மூடிய கால்வாய் கட்டினார். பம்ப் எதுவும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகவே வந்தது. 1840 செப்டம்பரில் அது நகரை எட்டியது. தெருவுக்குத் தெரு பொதுக் குழாய்கள் வந்தன. ஏழை, பணக்காரர் எல்லாருக்கும் இலவசம்.

இந்த வேலைக்காகத் தமக்குச் சேர வேண்டிய பெருந்தொகையை அவர் வாங்க மறுத்துவிட்டார். நகரம் தந்த தங்கப் பதக்கத்தையும், ஆயுள் முழுவதும் வீட்டுக்கு இலவசத் தண்ணீரையும் மட்டும் ஏற்றுக்கொண்டார்.

1848 புரட்சிக்குப் பின் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. பிறகு உடல்நிலை கெட்டு, பொறுப்புகளைக் குறைத்துக்கொண்டார். ஓய்வெடுக்க வேண்டிய அந்த நாள்களில்தான், 1855, 1856ஆம் ஆண்டுகளில், டிஜோன் மருத்துவமனையில் ஆள் உயரத்தை மிஞ்சிய குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு அளந்தார். மேலும் கீழும் உள்ள நீர் அழுத்த வித்தியாசம் இரு மடங்கானால் ஓட்டமும் இரு மடங்காகிறது. மணல் அடுக்கின் நீளம் இரு மடங்கானால் ஓட்டம் பாதியாகிறது. இதுதான் டார்சி விதி. டிஜோன் குடிநீர் பற்றி 1856ல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் அதை எழுதி வைத்தார்.

மணலில் கண்ட விதி பாறைக்கும் உதவியது. கெட்டியான பாறையில் தண்ணீர் பெரும்பாலும் வெடிப்புகள் வழியாகவே போகும். வெடிப்புகள் நெருக்கமாகப் பின்னிக் கிடந்தால், முழுப் பாறையையும் மணல் அடுக்குபோல் பாவித்து டார்சி விதியால் கணக்கிடலாம். வெடிப்புகள் குறைவென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். ஒரு வெடிப்பின் அகலம் இரு மடங்கானால் அதில் ஓடும் நீர் எட்டு மடங்காகும். பெரிய வெடிப்பில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் மட்டும் டார்சி விதி அப்படியே பொருந்தாது.

1858 ஜனவரியில், 54 வயதில், டார்சி பாரிஸில் காலமானார். டிஜோனில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்த நகரம், தன் முக்கியச் சதுக்கத்துக்கு அவர் பெயரையே சூட்டியது. இன்றும் அது டார்சி சதுக்கம்தான்.