கரைத்தே ஒரு உலோகத்தைச் செய்தவர்: முர்ரே ரேனி

கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களிடம் 'ரேனி நிக்கல்' பற்றிக் கேட்டுப் பாருங்க, உடனே சொல்லிடுவாங்க. ஆனா அந்த ரேனி படிச்சது மெக்கானிக்கல் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முர்ரே ரேனி 1885-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். 1909-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார். சில வருடங்கள் கழித்து, டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் ஒரு எண்ணெய் ஆலையில் சேர்ந்தார். பருத்திக்கொட்டை எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, நம்ம வனஸ்பதி மாதிரி கெட்டியான கொழுப்பாக மாற்றுவது அங்கே நடந்த வேலை. அதற்கு நிக்கல் வினையூக்கி வேணும். இருந்த நிக்கலை விடச் சிறப்பா ஒன்றைச் செய்ய முடியாதா என்று யோசிச்சார் ரேனி.

1924-ல் நிக்கலையும் சிலிக்கானையும் சரிபாதியாக உருக்கிக் கலந்து, அந்தக் கலவையை காஸ்டிக் சோடாவில் போட்டார். சிலிக்கான் கரைஞ்சு போச்சு. மிஞ்சிய சாம்பல் நிற நிக்கல், அப்போதிருந்த சிறந்த வினையூக்கியை விட ஐந்து மடங்கு வேகமாக வேலை செய்தது. அடுத்து சிலிக்கானுக்குப் பதிலாக அலுமினியம் சேர்த்தார். அது இன்னும் நல்லா வந்தது! 1927-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஏன் இப்படி? அலுமினியம் கரைந்து வெளியேறிய இடமெல்லாம் நுண்துளைகள் ஆகிடும். நிக்கல் பஞ்சு மாதிரி நிற்கும். அந்தப் பொடி ஒரு கிராமில் சுமார் 100 சதுர மீட்டர் பரப்பு இருக்கும், அதாவது ஒரு வீட்டின் தரை அளவு! வினை நடப்பது பரப்பில்தானே? ஆனா ஜாக்கிரதை: உலர்ந்த பொடி காற்றில் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் லேபில் தண்ணீருக்குள் வைக்கிறாங்க.

ரேனி 1966-ல் காலமானார். எண்ணெய்க்காக அவர் கண்ட வழி எங்கே வந்து நிற்குது பாருங்க. அம்மோனியாவின் எடையில் 17.6 சதவீதம் ஹைட்ரஜன். மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகிடும் என்பதால் கப்பலில் அனுப்புவது சுலபம். ஆனா போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் பிரித்து ஹைட்ரஜனை எடுக்கணும். ருத்தேனியம் இதை நல்லா செய்யும், விலைதான் கையைக் கடிக்கும். நிக்கல் மலிவு, ஆனா அதிக சூடு கேட்கும். இருக்கிற உலோகத்தில் எவ்வளவு பரப்பை வெளியே கொண்டு வரலாம் என்பதுதான் இப்போ கேள்வி. அதற்கு ஆராய்ச்சியாளர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, கலவையில் ஒரு உலோகத்தைக் கரைத்து எடுப்பது. அதாவது ரேனியின் வழி.

அடுத்த முறை, இது நம்ம டிபார்ட்மென்ட் பாடம் இல்லையே என்று ஒதுங்கும்போது, எண்ணெய் ஆலையில் நின்ற இந்த மெக்கானிக்கல்காரரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.