99 நாள் பேரரசரின் குரல்

ஜேர்மனியின் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக் ஆட்சியில் இருந்தது 99 நாட்கள் மட்டுமே. அந்த நாட்களில் அவரால் பேச முடியவில்லை. கட்டளைகளையும் மனைவியிடம் சொல்ல விரும்பியவற்றையும் துண்டுத் தாள்களில் எழுதிக் கொடுத்தார். ஆரம்பத்திலேயே கண்ணில் பட்ட ஒரு தொண்டைப் புற்றுநோய்தான் அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

1831இல் பிறந்த பிரெடெரிக், 1866இலும் 1870இலும் நடந்த போர்களில் படைகளை வழிநடத்தியவர். பிரித்தானிய மகாராணி விக்டோரியாவின் மூத்த மகளை மணந்தவர். நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என நினைத்தவர்களின் நம்பிக்கை இவர்தான்.

1887 ஜனவரியில் அவருடைய குரல் கரகரத்தது. தடிமன் என்றே நினைத்தார்கள். மார்ச்சில் பேராசிரியர் கெர்ஹார்ட் இடது குரல்நாணில் சிறு கட்டியொன்றைக் கண்டார். மின்சாரத்தால் சூடாக்கிய கம்பியை வாய்வழியே விட்டு அதைச் சுட்டார். கட்டி மீண்டும் வளர்ந்தது.

மே மாதம் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்க்மான், கழுத்தை வெளியிலிருந்து திறந்து கட்டியை வெட்டியெடுக்க வேண்டும் என்றார். நோயாளிக்கு முழுவதையும் சொல்லாமலே அதைச் செய்ய வைத்தியர்கள் ஆயத்தமானதாகவும், தான் தலையிட்டுத் தடுத்ததாகவும் பிஸ்மார்க் பின்னர் எழுதினார். இலண்டனிலிருந்து வந்த மொரெல் மக்கென்சி, முதலில் கட்டியின் துணுக்கைப் பரிசோதிக்கச் சொன்னார். புகழ்பெற்ற விர்ஹோ அதில் புற்றுநோயைக் காணவில்லை. சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது.

நவம்பரில் இத்தாலியின் சான் ரேமோவில் புற்றுநோய் என்பது தெளிவானது. குரல்வளையை முழுதாக அகற்றுவது ஒன்றே அப்போது எஞ்சியிருந்த சிகிச்சை. அதில் இறப்பவர்கள் அதிகம். பிரெடெரிக் மறுத்தார். 1888 பெப்ரவரி 9இல் மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். மார்ச் 9இல் தந்தை இறக்க, குரலில்லாத மகன் பேரரசரானார். ஜூன் 15இல் அவரும் இறந்தார். அதன்பின் ஜேர்மன், ஆங்கிலேய வைத்தியர்கள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டி எழுதிக்கொண்டார்கள்.

யார் பிழை என்பதைவிட, பிரெடெரிக்குக்கு நல்ல தெரிவு ஒன்றுமே இருக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எக்ஸ் கதிர் 1895இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. குரல்வளையில் லேசர் 1970களில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று குரல்நாணோடு நிற்கும் ஆரம்பப் புற்றுநோய், இந்த இரண்டில் எதைத் தெரிந்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிறது.

கதிர்ச்சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் என ஐந்து முதல் ஏழு வாரங்கள் வைத்தியசாலைக்குப் போய்வர வேண்டும். இடையில் தொண்டை புண்ணாகும், விழுங்க வலிக்கும். அதே இடத்துக்கு முழு அளவில் மறுபடி கதிர் கொடுப்பது வழக்கமில்லை. லேசர் சத்திரசிகிச்சை மயக்க மருந்து கொடுத்து வாய்வழியே செய்யப்படுகிறது. வெளியே வெட்டு இல்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். நோய் திரும்பினால் மீண்டும் லேசரோ கதிரோ கைவசம் இருக்கும். ஆனால், குரல்நாணை ஆழமாக வெட்ட நேர்ந்தால் குரல் கரகரப்பாகவே நின்றுவிடலாம். வாயை அகலத் திறக்கவோ கழுத்தைப் பின்னுக்கு வளைக்கவோ முடியாதவர்களுக்கு லேசர் சரிவராமல் போகலாம்.

ஆகவே வைத்தியரிடம் கேட்க வேண்டியவை உண்டு. கட்டி எவ்வளவு ஆழம்? என் குரல் எப்படி இருக்கும்? நோய் திரும்பினால் அடுத்து என்ன? பாடம் சொல்லிக்கொடுப்பவருக்கும், தினமும் பஸ் ஏறிவர வசதியில்லாதவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

போர்க்காலத்தில் நோவைப் பொறுத்துக்கொண்டே வாழப் பழகியவர்கள் நாங்கள். குரல் கரகரப்பையெல்லாம் ஒரு வருத்தமாகவே கணக்கெடுப்பதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் அது நீடித்தால், முக்கியமாகப் புகைப்பவர்கள், காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு சிகிச்சைகளில் ஒன்றைத் தெரியும் வாய்ப்பு, நோய் சிறிதாக இருக்கும்வரைதான்.