பூட்டுக்காரர் மகன்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பன் கேட்டதும் ஞாபகத்துக்கு வந்தது நம் முதலாமாண்டு ஃபிசிக்ஸ் லேப்தான். ரெசிஸ்டன்ஸ் பாக்ஸில் தடையை மாற்றி மாற்றி அம்மீட்டர் ரீடிங் எழுத வேண்டும். தடையை இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகும் என்பது என் நினைப்பு. முள்ளோ பாதிக்கு வருவேனா என்று அடம் பிடித்தது. ஓம் விதி கையில் இருக்க என்ன கவலை? கணக்குப் போட்டு ரீடிங் எழுதிவிட்டேன். ரெக்கார்டில் மார்க்கும் விழுந்தது. (இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் சிரிப்பது கேட்கிறது.)

வேலைக்கு வந்து பல வருஷம் கழித்து, ஜார்ஜ் சைமன் ஓமின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் சுருக்கென்றது.

1789-ல் ஜெர்மனியில் எர்லாங்கன் ஊரில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்பவர். தானே கணக்கு கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்த மனுஷர். 1805-ல் பல்கலைக்கழகம் போன மகன் டான்ஸ், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று பொழுதைப் போக்கினால் அப்பாவுக்குக் கோபம் வராதா? படிப்பு பாதியில் நின்றது. ஸ்விட்சர்லாந்தில் கணக்கு வாத்தியார் வேலை. (ஹாஸ்டல் கேரம் போர்டு கோஷ்டி தைரியம் கொள்ளலாம்.) ஆனால் தானாகவே படித்து, ஊர் திரும்பி, 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். 1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை. அங்கே நல்ல லேப் இருந்தது.

கம்பி நீள நீள மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். அந்தக் கால வோல்டா செல் நிமிஷத்துக்கு ஒரு குணம் காட்டும். அதை நம்பி 1825-ல் லாகரிதம் போட்டு ஒரு சூத்திரம் வெளியிட்டார். தப்பு! கூச்சப்படாமல் மறுபடி ஆரம்பித்தார். போகண்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியரின் யோசனைப்படி, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையை எடுத்தார். ஒரு இணைப்பு கொதிநீரில், மற்றது ஐஸில். வெப்ப வித்தியாசம் மாறாது. ஆகவே மின்னோட்டத்தைத் தள்ளும் மின்னழுத்தமும் மாறாது. ஓட்டத்தை அளக்க, தொங்கும் காந்த ஊசி ஒன்று.

1826-ல் 8 செம்புக் கம்பிகள், 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை. 2 அங்குலத்துக்கு ரீடிங் 326.75. 4 அங்குலத்துக்கு? பாதி இல்லை, 300.75! எனக்கு நடந்த அதே கதை. அவர் எண்ணில் கை வைக்கவில்லை. சர்க்யூட்டின் மற்ற பாகங்களுக்கும் தடை உண்டு, அது 20.25 அங்குலக் கம்பிக்குச் சமம் என்று கண்டுபிடித்தார். அதைக் கூட்டினால் நீளம் 22.25, 24.25. ரீடிங்கோடு பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 7,300-ஐ ஒட்டி வரும். 130 அங்குலத்துக்கு ரீடிங் 48.5, அதுவும் அப்படியே. தொடரில் உள்ள தடைகளைக் கூட்ட வேண்டும், மின்சாரம் தரும் மூலத்துக்குள்ளும் தடை உண்டு என்ற இரண்டு பாடமும் இதற்குள் இருக்கிறது.

1827-ல் புத்தகம் போட்டார். எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி வரவில்லை. அடுத்த வருஷம் கொலோன் வேலையையும் விட்டார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டிதான் காப்ளி பதக்கம் கொடுத்தது. மியூனிக்கில் இயற்பியல் பேராசிரியரானபோது வயது 63. இரண்டே வருஷம், 1854-ல் போய்ச் சேர்ந்தார். மின்தடையின் அலகாக அவர் பெயரை முறைப்படி ஏற்றது 1881 பாரிஸ் மாநாடு.

என் ரெக்கார்ட் நோட்டு இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. அன்றைய செல்லின் உள்தடை எவ்வளவு என்று கணக்குப் போட ஆசைதான். ஆனால் அம்மீட்டர் உண்மையில் காட்டிய எண்களை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லையே!