சர் ஏ. டி. பன்னீர்செல்வமும் திருவையாற்றுத் தமிழும்

சாலையும் குடிநீரும் அளிப்பதைப் போன்றே மொழிக்கு இடந்தருவதும் உள்ளாட்சியின் கடன் எனச் செயலால் காட்டியவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துச் செல்வபுரத்தில் 1888ஆம் ஆண்டு சூன் முதல் நாள் அவர் பிறந்தார். இங்கிலாந்தில் சட்டம் பயின்று திரும்பித் தஞ்சையில் வழக்குரைஞரானார். நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய அவர், 1924 முதல் 1930 வரை தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராகப் பொறுப்பு வகித்தார்.

மராட்டிய மன்னர்கள் நிறுவிய சத்திரங்களின் நிர்வாகம் அந்நாளில் ஜில்லா போர்டின் வசம் இருந்தது. அவ்வறத்தின் வருவாயில் நடைபெற்ற திருவையாற்றுக் கல்லூரியோ வடமொழிக்கே உரியதாயிருந்தது. காவிரிக் கரையில், தமிழ் உழவர் விளைத்த பொருளால் நடந்த கல்லூரியில் தமிழுக்கு இருக்கை இல்லை! பன்னீர்செல்வம் வடமொழியை வெளியேற்றாமல், அதனருகே தமிழையும் அமர்த்தினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரனார் துணைநிற்க, அங்கே தமிழ் வித்துவான் வகுப்பு தோன்றியது. ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளின் கதவுகளும் பிற சமூக மாணவர்க்குத் திறந்தன.

வட்டமேசை மாநாடு, அமைச்சுப் பதவி, சர் பட்டம் எனப் பெருமைகள் பின்னர் அவரைத் தேடி வந்தன. இந்திய அமைச்சரின் ஆலோசகராக இலண்டனுக்குப் புறப்பட்டவர், 1940 மார்ச்சு முதல் நாள் ஓமன் வளைகுடாவருகே விமானத்தோடு மறைந்தார். உடல் கிடைக்கவில்லை.

பொற்கிழி ஒருவர் கையோடு முடியும். வகுப்பறையோ தலைமுறைகளுக்குச் செல்லும். ஆயக்குடி போன்ற பேரூராட்சிகளும் தமிழுக்கென ஓர் அறையை ஒதுக்கலாம். அதற்கு வேண்டுவது பெருநிதியன்று, பன்னீர்செல்வத்தின் மனம்.