காத்திருந்து ஆட்கொண்ட கருணை

வேண்டியது வேண்டிய அன்றே கைகூடாதபோது, இறைவன் தன்னை மறந்தான் என்று மனம் தளர்தல் உலகியல்பு. அவன் மறப்பதில்லை, உயிரின் பக்குவம் நோக்கிக் காத்திருக்கின்றான். இவ்வுண்மையைக் கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாறு நன்கு உணர்த்தும்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாளர் மரபிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மக்களாகத் திலகவதியாரும் மருணீக்கியாரும் தோன்றினர். பெற்றோர் இருவரும் மறைந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர்நீத்தார். அம்மையார் தாமும் உயிர்துறக்கத் துணிந்தார். தம்பியார் அழுது வேண்டவே, அவர்பொருட்டு உயிர்தாங்கி வாழ்ந்தார்.

யாருக்காக அம்மையார் உயிர்தாங்கினாரோ அத்தம்பியாரே, பின்னர் நிலையாமை கண்டு மெய்ந்நெறி நாடிப் பாடலிபுத்திரம் சென்று சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். தமக்கையார் அவரோடு வாதிட்டிலர், வெறுத்துமிலர். கெடிலத்தின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாள்தோறும் விடியுமுன் திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மலர்கொய்து மாலை தொடுத்துச் சாத்தி, தம்பியாரை மீட்டருளுமாறு விண்ணப்பித்து வந்தார். பன்னாள் கழிந்தன. விடை கிடைத்திலது, திருப்பணியும் நின்றிலது.

ஒருநாள் இறைவன் கனவில் தோன்றி, மருணீக்கியார் முற்பிறவியிலேயே தம்மை அடையத் தவம் செய்தவர் என்றும், சூலை நோயால் அவரை ஆட்கொள்வதாகவும் அருளினான். அவ்வாறே கொடிய சூலை பற்றியது. சமணர் மந்திரங்கள் பயன்படவில்லை. வலி பொறாது இரவிலே திருவதிகை சேர்ந்து தமக்கையார் திருவடியில் வீழ்ந்தவருக்கு, அம்மையார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பள்ளியெழுச்சிப் பொழுதில், தாம் என்றும் செல்லும் அதே திருவலகும் தோண்டியும் கொண்டு, தம்பியாரையும் உடனழைத்துத் திருக்கோயிலுட் புகுந்தார். பதிகம் பிறந்தது, சூலை நீங்கிற்று, நாவுக்கரசு என்னும் திருப்பெயரும் இறையருளால் வந்தது. துன்பமாக வந்ததே தூதாயிற்று.

அதன்பின்னும் சுவாமிகளின் வழி எளிதாயிற்றில்லை. நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லுடன் கடலில் இடப்பெற்றதும் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றிலும் இறைவன் உடனிருந்து காத்தான். முதுமையிற் கயிலை காண விரும்பிச் சென்றபோது கால் தேய்ந்தது, கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தும் உடலாற் புரண்டும் சென்றார். அங்கேயும் வேண்டியது வேண்டியவாறு கிடைத்திலது. ஆங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு பணித்த இறைவன், திருவையாற்றுக் குளத்தில் எழச்செய்து, தம் நாட்டிலேயே கயிலைக் காட்சியை அருளினான். தேடிப்போன பொருள் அண்மையிலேயே காத்திருந்தது.

சுவாமிகள் உழவாரப் படையைக் கைவிட்டாரில்லை. திருப்புகலூரிற் பொன்னும் மணியும் நிலத்திற் கிடந்து மின்னியபோதும், அவற்றைப் புல்லோடு ஒப்பக் கொண்டு உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார். அத்தலத்திலேயே சித்திரைச் சதயத்தில், 81-ஆம் வயதில் இறைவன் திருவடி சேர்ந்தார்.

நோயும் வறுமையும் மக்களின் பிரிவும் இல்லங்கள்தோறும் உள்ளன. திலகவதியார் செய்தது அரிய தவமன்று; காலையில் எழுந்து கூட்டி மெழுகிப் பூத்தொடுத்தல் மட்டுமே. குடமுழுக்கு நிறைவுற்ற பின்னரும் திருக்கோயிலில் அலகிடவும் விளக்கேற்றவும் நாளும் கைகள் வேண்டும். அப்பணியில் நின்று காத்திருப்போரை, அவர்களுக்கு முன்னரே காத்திருக்கும் இறைவன் உரிய காலத்தில் ஆட்கொள்வான்.

திருச்சிற்றம்பலம்.