மென்சியஸும் அவர் அன்னையும்

குழந்தைகளிடத்துத் தோன்றும் இரக்கமும் மனச்சாட்சியும் பிறவியிலேயே அமைந்தனவா, அன்றிப் பெற்றோரும் ஆசிரியரும் புகட்டுவதால் வருவனவா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த சான்றோர் ஒருவர் பண்டைச் சீனத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் மெங் கோ. பிற்காலத்தில் அந்நாடு சென்ற கிறித்துவப் பாதிரிமார் அப்பெயரை இலத்தீன் முறையில் மென்சியஸ் என்று எழுதினர். உலகம் அவரை அப்பெயராலேயே அறியும். அவர் பௌத்தர் அல்லர். அவர் மறைந்து முந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னரே பகவன் புத்தரின் தம்மம் சீனத்தை அடைந்தது. ஆயினும் அவர் சரித்திரம் நம் இல்லத்தார் அறிய வேண்டியதொன்றாம்.

ஏறத்தாழக் கி.மு. 372இல் ட்ஸோ என்னும் சிறு நாட்டில் அவர் பிறந்தார். இக்காலத்தில் அது ஷான்டுங் மாகாணத்தைச் சேர்ந்தது. பெரிய அரசுகள் சிறிய அரசுகளை விழுங்கிய போர்க்காலம் அது. தந்தை இளமையிலேயே இறக்க, அன்னையே வளர்த்தார் என்பர். அவர்கள் குடியிருந்த வீடு இடுகாட்டின் அருகில் இருந்தது. சிறுவன் குழி தோண்டுவதும், பிணம் புதைப்போரைப் போல அழுவதுமாக விளையாடினான். அன்னை வீட்டை மாற்றிச் சந்தைப் பக்கம் சென்றார். அங்கே கூவி விற்பாரைப் போல நடித்தான். மீண்டும் மாற்றிப் பள்ளியின் அருகே குடியேறினார். அங்கே வணக்கமும் மரியாதையும் அவன் விளையாட்டாயின. அவ்வம்மையார் அங்கேயே தங்கினார்.

அயலார் பன்றி அறுப்பதைக் கண்ட சிறுவன் அஃது எதற்கென்று வினவ, உனக்கு உண்ணத்தான் என்று அன்னை விளையாட்டாகச் சொல்லிவிட்டாராம். சொன்ன பின்னர், பிள்ளைக்குப் பொய்யைக் கற்பித்தோமே என்று வருந்தி, அவ்விறைச்சியை விலைக்கு வாங்கி ஊட்டினாராம்.

வேறொரு நாள் மகன் பள்ளியினின்று திரும்பினான். அன்னை தறியில் இருந்தார். படிப்பு எவ்வளவில் உள்ளது என்று வினவ, முன்போலவே உள்ளது என்று அசட்டையாக விடையிறுத்தான். உடனே அவர் கத்தியை எடுத்துத் தறியிலிருந்ததைக் குறுக்கே அறுத்துவிட்டார். தறியை அறியாதார்க்கு இச்செயலின் கடுமை முழுதும் விளங்காது. நெசவாலையில் பல்லாண்டு உழைத்தவராதலின் நாம் ஒரு சொல் கூறுகின்றோம். ஊடை இழை அறுந்தால் சிறிது நேரத்தில் சரிசெய்து நாடாவை ஓட்டிவிடலாம். பாவு முழுதும் அறுபட்டாலோ, ஒவ்வோர் இழையையும் தேடியெடுத்து, விழுதிலும் அச்சிலும் கோத்து முடிச்சிட வேண்டும். கண்ணும் முதுகும் நோகும் வேலை அது. கைம்பெண்ணான ஓர் ஏழைத்தாய் தம் உணவுக்கு வழியான துணியைத் தாமே அறுத்தார். இடையில் விட்ட கல்வியின் கதி இதுவே என்று காட்ட அவர் கொடுத்த விலை சிறிதன்று.

இக்கதைகள் எல்லாம் மென்சியஸ் மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னர் ஹான் வமிசக் காலத்து நூல்களில் எழுதப்பட்டன. அவருடைய சொந்த நூலில் உள்ள ஒரு செய்தியை நோக்கின், தந்தையார் இறந்தபோது அவர் வளர்ந்த ஆடவராக இருந்தார் என்று கொள்ள இடமுண்டு. எனவே யாவும் நடந்தனவே என்று நாம் சாதிக்கவில்லை. நம்மை வியக்க வைப்பது வேறு. நற்குணம் பிறவியிலேயே உண்டு என்று போதித்தவரைப் பற்றியே, அன்னை இடம் மாற்றியும் துணி அறுத்தும் திருத்தினார் என்னும் கதைகளைச் சீன மக்கள் போற்றி வந்தனர்.

அவர் போதித்தது யாது? தவழும் குழந்தை கிணற்றில் விழப்போவதைத் திடீரெனக் காணும் எவனுக்கும் உள்ளம் பதைக்கும். பெற்றோரின் தயவை வேண்டியன்று. ஊரார் புகழை வேண்டியுமன்று. சிந்திப்பதற்கு முன்னரே அப்பதைப்பு எழுகின்றது. ஆதலின் அது கற்பித்து வந்ததன்று என்றார். இரக்கம், நாணம், பணிவு, நன்று தீது அறிதல் என்னும் நான்கும் மனிதனுக்குக் கைகால்கள் போல உடன்பிறந்தவை. ஆனால் அவை முளைகளே, மரங்கள் அல்ல என்பது அவர் துணிபு. அவர் கூறிய நாணம், நம் பாலி நூல்கள் ஹிரி என வழங்கும் நாணத்திற்கு அண்மையில் நிற்பதை அன்பர்கள் நோக்குக.

ஐம்பது வயதைக் கடந்தபின் அவர் அரசர்களை நாடிச் சென்றார். சீ நாட்டு மன்னன் சுவான், பலிக்கு இட்டுச் செல்லப்பட்ட எருது நடுங்குவதைக் கண்டு அதனை விடுவித்து, அதற்கு ஈடாக ஆட்டைக் கொள்ளச் செய்திருந்தான். கஞ்சத்தனம் என்று ஊரார் பேசினர். மென்சியஸ் அவ்வாறு கருதவில்லை. எருதைக் கண்ணால் கண்டான், ஆட்டைக் காணவில்லை. விலங்கைக் காக்கும் இரக்கம் உள்ளவன் அதனைக் குடிமக்கள்மேல் செலுத்தாதது இயலாமையன்று, செய்யாமையே என்று மன்னனுக்கு உணர்த்தினார். ஆட்டின் உயிரைப் பற்றி அவர் அவ்வளவில் அமைந்தது நமக்கு உடன்பாடன்று.

அந்நாட்டுத் தலைநகரின் அருகே எருதுமலை என்றொரு மலை இருந்தது. ஒருகாலத்தில் மரம் அடர்ந்திருந்த அம்மலையைக் கோடரிகள் வெட்டின, மழையில் மீண்டும் துளிர்த்தவற்றை ஆடுமாடுகள் மேய்ந்தன, மலை மொட்டையாயிற்று. கண்டோர் அதில் மரமே இருந்ததில்லை என்றனர். தீயவனைக் கண்டு அவனிடம் நற்குணமே இருந்ததில்லை என்பதும் இத்தகையதே என்றார் மென்சியஸ். கோடரியைக் காணாது மலையைப் பழிப்போர் நம் நாட்டிலும் உளர். குணம் குலத்தோடு பிறக்கின்றது என்றும், இன்ன சேரியில் பிறந்த பிள்ளைக்கு நாணமும் இரக்கமும் இரா என்றும் நூல் காட்டிப் பேசினர். நம் பாட்டன்மார் அச்சொல்லைச் சுமந்தே மடிந்தனர். மென்சியஸோ, சீனத்தார் போற்றும் யாவோ, ஷுன் என்னும் ஆதி வேந்தரைப் போல எவனும் ஆகலாம் என்றார். விளைச்சல் மிக்க ஆண்டில் இளைஞர் நல்லவராகவும் பஞ்சத்தில் கொடியவராகவும் இருத்தல் பிறவி வேற்றுமையால் அன்று. ஒரே விதை நிலத்தாலும் மழையாலும் வேறுபடுதல் போன்றது. நிலையான பிழைப்பைப் பறித்து மக்களைக் குற்றத்தில் விழச்செய்து, பின்னர்த் தண்டிப்பது அவர்களை வலை வீசிப் பிடிப்பதாகும் என்றும் அரசர்க்கு இடித்துரைத்தார்.

முளை உண்டென்று கேட்டு வாளா இருக்கும் பெற்றோரும் உண்டு. அவசரப்படும் பெற்றோரும் உண்டு. சோங் நாட்டு உழவன் ஒருவன் பயிர் வளரவில்லையென்று ஒவ்வொரு நாற்றையும் மேலே இழுத்துவிட்டான். மகன் ஓடிச்சென்று பார்த்தபோது எல்லாம் வாடிக் கிடந்தன. இதுவும் அவர் சொன்ன கதையே. ஐந்து வயதுப் பிள்ளை பஞ்சசீலத்தை ஒப்பிக்கத் தவறியதற்காக அடித்த தந்தையரை நாம் அறிவோம். அகிம்சையை அடித்துப் புகட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

அவருக்குப் பின்வந்த சுன்ட்ஸு என்பார், மனிதன் இயல்பு தீயதே, கோணல் மரத்தை ஆவியில் இட்டு நிமிர்த்துதல் போலக் கல்வியால் திருத்த வேண்டும் என்று மறுத்தார். அவரும் தெருவில் செல்லும் எவனும் சான்றோனாகலாம் என்பதை மறுத்திலர். இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பதினெட்டு மாதக் குழந்தைகள் அயலார் கைதவறவிட்ட பொருளைக் கேளாமலே எடுத்துக் கொடுத்தன. 2007இல் யேல் பல்கலைக் கழகத்தார், ஓராண்டு நிரம்பாத குழந்தைகள் பிறர்க்கு உதவும் பொம்மையையே விரும்புகின்றன என்றனர். பல நாடுகளின் 37 ஆய்வுக்கூடங்கள் கூடி அதனைச் சோதித்து 2024இல் வெளியிட்டபோது அவ்விருப்பம் புலப்படவில்லை.

மென்சியஸின் சொல்லை அரசர் கேட்டனர், நடக்கவில்லை. சீ மன்னன் அயல்நாடான யென்னைக் கைப்பற்றி மக்களை வருத்திய பின்னர், மென்சியஸ் பதவியைத் துறந்தார். செல்லும் வழியில் மூன்று இரவு தங்கி, மன்னன் மனம் மாறி அழைப்பான் என்று காத்திருந்தார். அழைப்பு வரவில்லை. ஊர் திரும்பி மாணாக்கருடன் நூலைத் தொகுத்தார், ஏறத்தாழக் கி.மு. 289இல் மறைந்தார். அந்நூல் மன்னரினும் மக்களையே உயர்த்திப் பேசியமையால், மிங் வமிசத்து முதல் பேரரசன் 1394இல் அதிலிருந்து 85 பகுதிகளை நீக்கச் செய்தான். எனினும் 1905 வரையில் சீனத்து அரசாங்கத் தேர்வுகளுக்கு அது பாடநூலாயிருந்தது.

பெரியோர் தேர்வுக்கு அந்நூலைக் கற்க, சிறுவர் முதற்பாடமாக மூன்றெழுத்து நூல் என்பதனை மனனம் செய்தனர். அதன் தொடக்கம் மனிதன் பிறக்கும்போது நல்லவன் என்று கூறும். சில அடிகள் தள்ளி, மென்சியஸின் அன்னை அயலிடம் தேர்ந்ததும் தறியில் நெய்ததை அறுத்ததும் வரும்.