எலைசா அக்னியூ அம்மையார்

உடுவில் மகளிர் பாடசாலையின் தலைமையாசிரியையாகவே அம்மையாரை நாம் அறிவோம். அவரும் ஒரு காலம் மாணவிதான். 1807 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். 8 வயதில், புவியியல் வகுப்பில் ஆசிரியர் மொரீசியஸ் தீவைக் காட்டி, மிஷனரிப் பெண்ணான ஹரியற் நியூவெல் 19 வயதில் அங்கே மரித்ததைச் சொன்னார். தானும் அவ்வழியே போவதென்று சிறுமி அன்றே முடிவெடுத்தாள். வீட்டுக் கடமைகள் 30 வயதுவரை விடவில்லை. பிள்ளைப் பருவத்து ஆசைகள் பெரும்பாலும் அதற்குள் கரைந்துபோகும், இவருடையது கரையவில்லை.

1840 இல் யாழ்ப்பாணம் வந்தார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் உடுவிலில் கற்பித்தார். தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறையினர், 1000க்கு மேற்பட்ட மாணவியர். எங்களிற் பலருடைய பூட்டியின் தாய்மாரும் அவர்களுள் இருந்திருப்பர். தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பாமல், 1883 இல் மானிப்பாயில் கண்மூடினார்.